தபால்ல வந்த ரோடு – சேபா தீவு டைரி

நாள் 1 – ஞாயிறு

மொதல்ல பேரைச் சரியா சொல்லிடுறேன், ஏன்னா ஆறு மாசமா நான் சபா சபான்னே சொல்லிட்டிருந்தேன். பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டின் ஏர்போர்ட்ல பெட்டியை எடை போட்ட அம்மாதான் சிரிச்சுக்கிட்டே "சேபா"ன்னு திருத்தினாங்க. வீட்டம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நான் தப்பா சொல்றதை யாராவது மூணாம் மனுசங்க திருத்தினா அவங்களுக்கு ஒரு திருப்தி.

கரீபியன் டூர்னதும் எல்லாரும் பீச்சான்னுதான் கேட்டாங்க. பீச்சே இல்லாத தீவுக்குப் போறோம்னு சொன்னா ஒரு மாதிரி பார்க்கிறாங்க. நான் சிவில் படிச்சவன், இருபத்தி ரெண்டு வருஷமா ரோடு வேலை எஸ்டிமேட் போட்டு வயித்தைக் கழுவுறவன், எனக்கு பீச்ல என்ன வேலை. "கட்டவே முடியாதுன்னு சொன்ன ரோடு" ஒண்ணு இந்தத் தீவுல இருக்குன்னு எப்பவோ படிச்சது மண்டைக்குள்ளேயே உக்காந்திருந்துச்சு, அதைப் பார்க்கத்தான் வந்தேன். வீட்டம்மா எதுக்கு வந்தாங்கன்னு வியாழக்கிழமை எழுதுறேன்.

ப்ளேன் ட்வின் ஆட்டர், மினி பஸ் சைஸ்தான், பைலட் தலை நம்ம முன்னாடியே தெரியுது. பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுற பயணம், ஆனா கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கே. கடலுக்கு நடுவுல ஒரு மலை, அந்த மலையைப் பார்த்து ப்ளேன் நேரா போகுது, போய்க்கிட்டே இருக்கு, பாறையில இருக்கிற புல்லு தெரியுற வரைக்கும் போயிட்டு சட்டுனு ஒரு திருப்பு, திரும்பின உடனே ரன்வே, ரன்வேயோட இந்த முனையும் கடல் அந்த முனையும் கடல். மொத்த நீளம் 400 மீட்டர். பயணிகள் விமானம் வந்து போற ரன்வேகள்ல உலகத்துலயே சின்னது இதுதான். எங்க ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கார் நிக்கிற வரிசையே இதைவிட நீளமா இருக்கும். வீட்டம்மா என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருச்சு, இப்ப எழுதும்போதும் தடம் தெரியுது.

தீவுல தட்டையா இருக்கிற இடமே இது ஒண்ணுதான், பேரே ஃப்ளாட் பாயின்ட். பக்கத்துல செயின்ட் பார்ட்ஸ் தீவுல இருந்த ரெமி டி ஹேனன்ங்கிற பைலட் வந்து பார்த்துட்டு, இங்க இறக்கலாம்னு சொல்லியிருக்கார். உடனே ஊர் சனம் கூடி கையாலயே கல்லைப் பொறுக்கி மேடு பள்ளத்தைச் சமன் பண்ணிக் கொடுக்க, 1959 பிப்ரவரி 9-ஆம் தேதி மனுசன் இறக்கிக் காட்டிட்டார். முறையான ஏர்போர்ட் 1963-ல வந்துச்சு.

டாக்சிக்காரர் பெரியவர், எழுபது இருக்கும். ஏர்போர்ட்ல இருந்து ஒரே ஏத்தம், கொண்டை ஊசி வளைவா வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறினா மொதல் ஊர், பேரு ஹெல்ஸ் கேட், அதாவது நரக வாசல். சர்ச்காரங்களுக்கு அந்தப் பேர் பிடிக்கல, அரசாங்கக் கணக்குல சீயோன் மலைன்னு மாத்தி வச்சிருக்காங்க. "நீங்க எப்படிச் சொல்வீங்க?"ன்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சீயோன், மத்த நாள் ஹெல்ஸ் கேட்"ன்னார். இன்னிக்கு ஞாயிறுங்கிறது ரெண்டு பேருக்குமே அப்புறம்தான் உறைச்சுது.

தங்கியிருக்கிறது விண்ட்வர்ட்சைட் ஊர்ல. எல்லா வீடும் வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, பச்சை ஜன்னல் கதவு. ஒரு வீடு கூட மாறல. மேகம் தெருவுலயே நடந்து போகுது. ஸ்வெட்டர் எடுத்துட்டு வரலை.

நாள் 2 – திங்கள்

இன்னிக்கு முழுக்க ரோடு. பிடிக்காதவங்க நாளைக்கு வாங்க.

தீவு மொத்தமே 13 சதுர கிலோமீட்டர், ஜனம் சுமார் 2,000. நெதர்லாந்தோட சொத்து, 2010 அக்டோபர் 10-ல இருந்து அந்த நாட்டோட தனி முனிசிபாலிட்டி. ஆனா செலவழிக்கிறது அமெரிக்க டாலர், பேசுறது இங்கிலீஷ், பள்ளிக்கூடத்துல பாடம் நடக்குறதும் இங்கிலீஷ்லதான். டச்சு, ஆபீஸ் போர்டுல இருக்கு. ஊர் நாலு: ஹெல்ஸ் கேட், விண்ட்வர்ட்சைட், செயின்ட் ஜான்ஸ், அப்புறம் தலைநகரம் தி பாட்டம். பாட்டம்னு பேரு, ஆனா கடல்ல இருந்து இருநூறு மீட்டருக்கு மேல உசரத்துல இருக்கு. கிண்ணத்துக்கான பழைய டச்சு வார்த்தை மருவி பாட்டம் ஆயிடுச்சுங்கிறாங்க, நிஜமாவே கிண்ணம் மாதிரிதான் இருக்கு, சுத்தி மலை நடுவுல ஊர்.

இந்த நாலு ஊருக்கும் நடுவுல 1940-கள் வரைக்கும் வெறும் ஒத்தையடிப் பாதையும் கல் படியும்தான். கழுதை, இல்லேன்னா தலைச்சுமை. டச்சு இஞ்சினியர்கள் வந்து பார்த்துட்டு இங்க ரோடு போட முடியாது, சரிவு அதிகம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், இன்னிக்கு அந்தச் சரிவைப் பார்த்தப்ப நானும் அந்த எஸ்டிமேட்ல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

ஆனா உள்ளூர்க்காரர் ஒருத்தர், ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல், போட முடியும்னார். அவர் இஞ்சினியர் கிடையாது. என்ன பண்ணினார் தெரியுமா, தபால்ல சிவில் இஞ்சினியரிங் படிச்சார். கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ்! கப்பல்ல பாடம் வரும், படிச்சு பதில் எழுதிக் கப்பல்ல அனுப்பணும். நான் நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்து படிச்சும் சர்வேயிங் பேப்பர்ல அரியர் வச்சவன், எனக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்.

1938-ல வேலை ஆரம்பம். மிஷின் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, கைவண்டி, ஆளுங்க. கடற்கரையில ஃபோர்ட் பேங்கிற இடத்துல இருந்து தி பாட்டம் வரைக்குமான மொதல் பகுதி முடிய அஞ்சு வருஷம், 1943. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், 1943-ல ரோடு ரெடி, ஆனா தீவுல ஒரு வண்டி கூட இல்ல. மொதல் ஜீப் 1947-லதான் வந்துச்சு. நாலு வருஷம் காங்கிரீட் ரோட்ல சனம் நடந்துதான் போச்சு. அந்த ஜீப்பையும் இறக்க துறைமுகம் ஏது, ரெண்டு படகைச் சேர்த்துக் கட்டி, மேல பலகை போட்டு, அது மேல ஜீப்பை நிறுத்திக் கரை சேர்த்தாங்கன்னு டாக்சிப் பெரியவர் சொன்னார். 1951-ல ரோடு விண்ட்வர்ட்சைட் வரைக்கும் வந்துச்சு, 1958-ல மொத்த வேலையும் முடிஞ்சுது. இருபது வருஷம்.

பாட்டத்துல இருந்து ஃபோர்ட் பே வரைக்கும் நடந்தே இறங்கினேன். வீட்டம்மா வரல, "ரோட்டைப் பார்க்க நானும் எதுக்குங்க"ன்னுட்டாங்க. இறங்கும்போது கால்விரல் ஷூ முனையில இடிக்குது, அவ்வளவு சரிவு. ஆனா வேலை! ஓரம் பூரா கையால அடுக்கின கல் சுவர், ஒவ்வொரு கல்லும் இடம் பார்த்து உக்கார வச்ச கல். வளைவுல தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு வாட்டம் விட்டிருக்கிறதைப் பார்த்துட்டு அங்கேயே குத்தவச்சு உக்காந்துட்டேன், ரோட்டைக் கையால தடவிப் பார்த்தேன், பாட்டில் தண்ணியைக் கொஞ்சம் ஊத்திப் பார்த்தேன். ஊத்தின தண்ணி நடுரோட்ல தேங்காம மலைப் பக்கத்து ஓரத்துக்கே போச்சு. புத்தகத்துல படம் பார்த்துக் கத்துக்கிட்ட மனுசன் கண்ணால இன்னொரு மலை ரோட்டைப் பார்த்திருப்பாரான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள ஒரு பிக்கப் வண்டி நின்னு, "உடம்பு சரியில்லையா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. ரோட்டைப் பார்க்கிறேன்னேன். ஏற இறங்கப் பார்த்துட்டு, ஏறிக்கோங்கன்னுச்சு. இங்க கையை நீட்டினா யாராவது ஏத்திக்கிறாங்க, நீட்டலேன்னாலும் ஏத்திக்கிறாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது.

நாள் 3 – செவ்வாய்

லேடர் பே. ஏணி வளைகுடான்னு வச்சுக்கலாம். ரோடு வர்றதுக்கு முன்னாடி தீவோட வாசல் இதுதான். பாறையில வெட்டின 800 படி. கப்பல் தள்ளி நிக்கும், சின்னப் படகுல சாமான் வரும், அலை உயரும்போது பார்த்து ஆளுங்க தண்ணியில நின்னு வாங்கணும், அப்புறம் இந்த எண்ணூறு படியையும் தலையில வச்சு ஏத்தணும். அரிசி, மாவு, ஜன்னல் கண்ணாடி, கட்டில், எல்லாமே. பியானோ கூட ஏத்தியிருக்காங்கன்னு ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்றாங்க. முறையான படகுத்துறை ஃபோர்ட் பேயில கட்டினதே 1972-ல. மனுசன் நிலாவுக்குப் போயிட்டு வந்த பிறகுதான் இங்க ஒரு பெட்டியைக் கால் நனையாம இறக்க முடிஞ்சுது.

இறங்குறது சுலபமா இருந்துச்சு. பாதி வழியில பழைய சுங்கச் சாவடிக் கட்டடம், கூரை போய் சுவர் மட்டும் நிக்குது. இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தவன்கிட்ட வரி கேட்ட ஆபீசரை நினைச்சுப் பார்த்தேன், சுமந்தவன் அவர் தலையிலேயே போட்டிருக்கணும்.

படி ஒண்ணும் ஒரே அளவு கிடையாது. ஒண்ணு ஒரு சாண், அடுத்தது முழங்கால் உசரம். திரும்பி ஏறும்போது நூத்தம்பதுக்கு மேல எண்ணிக்கை விட்டுப்போச்சு. வெறுங்கையோட ஏறின எனக்கு வலது முட்டி கெஞ்சுது. வீட்டம்மா முன்னாடி ஏறிட்டுத் திரும்பி, "தலையில ஒரு பியானோ இருக்குன்னு நினைச்சுக்கோங்க, சீக்கிரம் வந்துடுவீங்க"ங்கிறாங்க.

கொலம்பஸ் 1493 நவம்பர்ல இந்தத் தீவைப் பார்த்துட்டு இறங்காமலே போயிட்டாராம், காரணம் இந்தப் படியில நின்னா புரியுது. 1632-ல சில இங்கிலீஷ்காரங்க கப்பல் உடைஞ்சு ஒதுங்கினாங்க, 1640 வாக்குல பக்கத்துத் தீவு சின்ட் யூஸ்டேஷியஸ்ல இருந்து டச்சுக்காரங்க குடியேறினாங்க. அப்புறம் இங்கிலீஷ், ஃப்ரெஞ்சு, திரும்ப டச்சுன்னு கொடி மாறி மாறி, 1816-லதான் கடைசியா டச்சு கைக்கு நிலைச்சுது. கொள்ளைக்காரன் ஏறி வந்தா சரிவு மேல பலகையில அடுக்கி வச்ச பாறைக் குவியலை முட்டுக்கட்டையைத் தட்டி உருட்டி விட்டுடுவாங்களாம். மேல நின்னு பார்த்தா நல்ல ஏற்பாடுதான்னு தோணுது, கீழ இருக்கும்போது அப்படித் தோணல.

நாள் 4 – புதன்

மழை. முட்டிக்கு ஐஸ். எழுத அதிகமில்ல.

விடுதி நடத்துற அம்மா சந்தோஷமா இருக்காங்க, ஏன்னா இங்க கூரையில விழற மழைதான் தண்ணி. ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் ஒரு தொட்டி, கூரையில இருந்து குழாய் நேரா அதுக்குள்ள. காஞ்சு போச்சுன்னா லாரித் தண்ணி வாங்கணும். ராத்திரி குளிக்கும்போது தண்ணி விழற சத்தம் கேட்டு மேல வந்து கதவைத் தட்டினாங்க, ரொம்ப மரியாதையாதான், ஆனா தட்டினாங்க. நான் பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிற ஆள், நேரம் போறது தெரியாது.

2017 செப்டம்பர் 6-ல இர்மா புயல் வந்த கதையைச் சொன்னாங்க. பக்கத்துல சின்ட் மார்ட்டின் நொறுங்கினதோட பார்த்தா இங்க சேதம் குறைவு. ஆனா புயல் ஓய்ஞ்சு ஜன்னலைத் திறந்தா மலையில பச்சையே இல்ல, ஒரு இலை பாக்கி இல்லாம உதிர்ந்து தீ வச்ச மாதிரி பழுப்பா நின்னுச்சாம். "அப்பதான் பக்கத்து வீட்டை மொத முறையா முழுசா பார்த்தேன், நடுவுல மரமே இல்லையே"ன்னாங்க. பச்சை ஜன்னல் கதவு அழகுக்குன்னு நான் நினைச்சிருந்தேன், அது புயலுக்குச் சாத்துற கதவு.

முத்தத்துல ரெண்டு சமாதி இருக்கு, அவங்க மாமனார் மாமியார். வீட்டுத் தோட்டத்துலேயே புதைக்கிறது இங்க வழக்கம். காலையில காபி எடுத்துட்டு வெளிய வந்த வீட்டம்மா மொத நாள் கொஞ்சம் திடுக்கிட்டாங்க, இன்னிக்கு அது பக்கத்துலேயே துணி காயப் போட்டாச்சு.

நாள் 5 – வியாழன்

இதுக்குத்தான் வீட்டம்மா வந்தாங்க. சேபா லேஸ்.

ஊர்ப் பெண்கள் சில பேர் மதியத்துல கூடி உக்காந்து பின்னுறாங்க, விடுதி அம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க. ஆறேழு பேர், பெரும்பாலும் அறுபது எழுபதைத் தாண்டினவங்க, மூத்தவங்களுக்கு எண்பது தாண்டியிருக்கும். நான் ஓரமா ஒரு நாற்காலியில உக்காந்து வாயை மூடிட்டுப் பார்த்தேன்.

லேஸ்னா நூலைச் சேர்த்துப் பின்னுறதுன்னுதான் நினைச்சிருந்தேன். இங்க தலைகீழ், நல்ல லினன் துணியை எடுத்து அதுல இருந்து நூலை உருவுறாங்க. ஊசி முனையால, குறுக்க ஓடுற ஊடை நூல் ஒண்ணைத் தூக்கி, அறுந்துடாம மெதுவா இழுத்து, அடுத்தது, அதுக்கடுத்தது. ஒரு விரல் அகலத்துக்கு ஊடை பூரா போயிடுச்சுன்னா நெடுக்க ஓடுற பாவு நூல் மட்டும் கம்பி கட்டின ஜன்னல் மாதிரி நிக்கும். அந்தக் கம்பிகளை நாலு நாலா சேர்த்துக் கட்டி, குறுக்க நூல் விட்டுச் சக்கரம், சிலந்தி, நட்சத்திரம்னு போடுறாங்க. மூத்தம்மா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுத் துணியை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டுப் போடுறாங்க, வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசுது, விரல் பாட்டுக்கு எண்ணுது. நடுவுல ஒரு தடவை பேச்சை நிறுத்திட்டு, ஊசியைப் பின்னாடி எடுத்து நாலு கட்டை அவுத்துட்டு மறுபடி கட்டினாங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, "மூணைக் கட்டிட்டாங்க"ன்னு காதுல சொன்னாங்க. இவங்க பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர்கிட்ட நூல் உருவுற வேலை கத்துக்கிட்டவங்க, கைக்குட்டை ஓரத்துக்கு ஒரு வரிசை போடுவாங்க. மூத்தம்மா அதைக் கேட்டதும் ஒரு துண்டுத் துணியும் ஊசியும் எடுத்துக் கையில கொடுத்துட்டாங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் நான் அங்க இருக்கிறதே யாருக்கும் ஞாபகமில்ல.

இது தீவுக்கு வந்த கதை இப்படி. மேரி கெர்ட்ரூட் ஹாசல் ஜான்சன்னு ஒரு பொண்ணை வெனிசுலாவுல காராகாஸ் கன்னிமடத்துக்குப் படிக்க அனுப்பினாங்க. அங்க கன்னியாஸ்திரிங்க சொல்லிக் கொடுத்த வேலை இது. 1870-கள்ல ஊர் திரும்பி அவங்க நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்க, வீடு வீடா பரவிடுச்சு. அதனால இதுக்கு இங்க ஸ்பானிஷ் வேலைன்னே பேரு.

ஆம்பளைங்க ஊர்லயே இல்லாத காலம் அது. பெரிய கரும்புத் தோட்டம் போட நிலம் கிடையாது, சரிவுல கல்லடுக்கிப் பாத்தி கட்டி வெங்காயமும் கிழங்கும் போட்டா உண்டு. அடிமைகள் இருந்தாங்க, 1863 ஜூலை 1-ல விடுதலை. அதுக்கப்புறம் கறுப்பரோ வெள்ளையரோ ஆம்பளைன்னா கப்பல் வேலைதான். 1909-ல ஃப்ரெடரிக் சிம்மன்ஸ்ங்கிறவர் இங்க மாலுமிப் பள்ளிக்கூடமே வச்சிருக்கார். கப்பல்காலம் போனதும் குராசாவ், அருபா தீவுகள்ல இருந்த எண்ணெய் ஆலைகளுக்குப் போனாங்க. பெண்கள் தீவுன்னே வெளிய பேராயிடுச்சு.

இருந்த பெண்கள் என்ன பண்ணினாங்கன்னா, 1884 வாக்குல தபால் ஒழுங்கா வர ஆரம்பிச்சதும், அமெரிக்காவுல இருந்து வர்ற சாமான் பெட்டி மேல அச்சடிச்சிருக்கிற கம்பெனி அட்ரஸைப் பார்த்து எழுதி வச்சுக்கிட்டாங்க. அந்தக் கம்பெனிக்குக் கடிதம் போட்டாங்க. அங்க வேலை பார்க்கிற பொண்ணுங்க யாராவது வாங்குவாங்களான்னு. வாங்கினாங்க! 1928-ல வருஷத்துக்கு சுமார் 15,000 டாலருக்கு லேஸ் இந்தப் படி வழியா இறங்கியிருக்கு. நான் இதைக் கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். மாவுப் பெட்டியைத் தலையில வச்சு எண்ணூறு படி ஏத்தி, மாவை எடுத்துக்கிட்டு, பெட்டி மேல இருந்த எழுத்தைக்கூட வீணாக்கல. அதே தபால்லதான் அப்புறம் ஹாசலுக்கு இஞ்சினியரிங் பாடம் வந்துச்சு. ரோடு பார்க்க வந்தவன் நான், ஆனா தீவைக் கட்டினது தபால்தான்னு இப்ப தோணுது.

இப்ப போடுறவங்க கை விட்டு எண்ணிடலாம். உங்க பேத்தி கத்துக்கலையான்னு மூத்தம்மாகிட்ட கேட்டேன். "அவ ராட்டர்டாம்ல இருக்கா, அவளுக்குப் பொறுமை இருக்கு, நேரம் இல்ல"ன்னாங்க. ஒரு சின்ன டேபிள் விரிப்பு வாங்கினோம். விலை கேட்டு நான் புருவத்தைத் தூக்கினதுக்கு வீட்டம்மா ஒரு பார்வை பார்த்தாங்க, உடனே புருவத்தை இறக்கிட்டேன்.

நாள் 6 – வெள்ளி

முட்டி பரவால்ல. கைடு ஒருத்தரோட மேரிஸ் பாயின்ட் போனோம். இந்த டூர்ல மனசை என்னவோ பண்ணின இடம் இதுதான்.

தீவோட வடமேற்கு மூலையில ஒரு மேடு. அங்க ஒரு ஊர் இருந்துச்சு. 1934-ல அரசாங்கம் மொத்த ஊரையும் எடுத்து தி பாட்டம் பக்கத்துல கொண்டு வந்து குடி வச்சிருச்சு. சரிவு அரிச்சுக் கடலுக்குள்ள போகுது, ஆபத்துங்கிறது சொன்ன காரணம். தூரமும் ஒரு காரணமா இருந்திருக்கும், ஒரு டாக்டர் போகணும்னாலும் மலை விளிம்புல நடந்துதான் போகணும். குடி வச்ச புது இடத்துக்கு ப்ராமிஸ்ட் லேண்ட்னு பேர் வச்சாங்க, வாக்குத்தத்த பூமி. பேர் வைக்கிறதுல இந்தத் தீவு ஆளுங்களை அடிச்சுக்க முடியாது.

பாதை குறுகல், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. நம்ம ரோடெல்லாம் இந்தப் பக்கம் வரவே இல்ல. காட்டுக்குள்ள சுவர் அடி, உடைஞ்ச மழைநீர்த் தொட்டி, வாசல்படி ரெண்டு. வாசல்படி மிதிபட்டுத் தேய்ஞ்சிருக்கு, நடுவுல குழி விழுந்து. வீடு இல்ல, படி மட்டும். தொட்டிக்குள்ள ஒரு மரம் முளைச்சுத் தொட்டி வாயைவிடப் பெருசா ஆயிடுச்சு, இனி அதை எடுக்க முடியாது. சமாதிங்க இருக்கு. போனவங்க இவங்களை விட்டுட்டுத்தான் போகணும், வேற வழி இல்ல. விடுதி முத்தத்துல துணி காயப் போட்ட சமாதி ஞாபகம் வந்துச்சு, வீட்டம்மாவுக்கும் வந்திருக்கணும், ரொம்ப நேரம் பேசல.

ஆபத்துன்னா மாத்தினது சரிதானேன்னு கைடுகிட்ட கேட்டேன். "அவங்க அங்க இருநூறு வருஷத்துக்கு மேல இருந்தாங்க, இடம் இன்னும் அங்கேயேதான் இருக்கு"ன்னு கையைக் காட்டினார். இஞ்சினியரா நான் அதுக்குப் பதில் சொல்லியிருக்கலாம், சொல்லல.

வழி பூரா ஆடு. தீவு பூரா வளர்ப்பு ஆடு காட்டு ஆடா ஆகி, செடியைக் கடிச்சுச் சரிவை மொட்டையாக்கி, மண்ணு சரியுது. இப்ப அரசாங்கமே ஆட்டைக் குறைக்கிற வேலை பண்ணுது. சாயங்காலம் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டு நாங்களும் எங்க பங்கைச் செஞ்சோம். கூட ஜானி கேக்னு பொரிச்ச ரொட்டி, நல்லாவே சேருது.

வர்ற வழியில வெல்ஸ் பே. கோடையில மணல் வந்து பீச் ஆகும், அப்புறம் அலை மணலை எடுத்துட்டுப் போயிடும். நாங்க போனப்ப வெறும் கல்லு. பீச்சே லீவுல போற தீவு.

நாள் 7 – சனி

மவுண்ட் சீனரி. 887 மீட்டர், மொத்த நெதர்லாந்து ராஜ்ஜியத்துலயே உசரமான இடம், தட்டை நாட்டுக்காரங்களுக்கு உச்சி இங்க இருக்கு. 1,064 படி. நான் பாதியில, மேகம் ஆரம்பிக்கிற இடத்துல உக்காந்துட்டேன், முட்டி முடிவா சொல்லிடுச்சு. பக்கத்துலேயே சிறுத்தைப் புள்ளி போட்ட சின்ன ஓணான் ஒண்ணு தலையை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு, அது இந்தத் தீவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அதனால எனக்கும் நஷ்டமில்ல. வீட்டம்மா உச்சி வரைக்கும் போயிட்டு, "என்ன தெரிஞ்சுது?"ன்னா, "பஞ்சு"ங்கிறாங்க. மரமெல்லாம் பாசி போர்த்தி, மர உசரத்துக்குப் பெரணிச் செடி, யானைக்காது இலை, ஒரே சொட்டு சொட்டுன்னு தண்ணி, வியூ மட்டும் பூஜ்யம்.

சாயங்காலம் பாட்டம்ல ஒரு கடையில தமிழ்க் குரல்! கனடாவுல பிறந்து வளர்ந்த பையன், அப்பா அம்மா யாழ்ப்பாணம். 90-கள்ல இருந்து இங்க ஒரு மெடிக்கல் காலேஜ் இருக்கு, அமெரிக்கா கனடா பிள்ளைங்க மொத அஞ்சு செமஸ்டரை இங்க படிச்சுட்டு மிச்சத்துக்கு அமெரிக்கா ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. ஊர்ல வாடகை வீடு, கடை, டாக்சி, பாதி வருமானம் இவங்களை நம்பித்தான்னு டாக்சிப் பெரியவரே சொல்லியிருந்தார். "இங்க என்ன தம்பி கஷ்டம்?"னு கேட்டேன். "ஒரு கஷ்டமும் இல்ல அங்கிள், படிக்கிறதத் தவிர வேற ஒண்டும் செய்யேலாது, அதுதான் கஷ்டம்." வீட்டம்மா கையோட கொண்டு வந்திருந்த முறுக்குப் பாக்கெட்டை அவன்கிட்ட கொடுத்துட்டாங்க. எனக்கு வச்சிருந்தது.

நாள் 8 – ஞாயிறு

இன்னிக்கு கிளம்புறோம். ப்ளேன் வேண்டாம், போட்ல போகலாம்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க, அதனால ஹாசல் ரோட்டுல இன்னொரு தடவை ஃபோர்ட் பே வரைக்கும் இறக்கம். அதே டாக்சிப் பெரியவர். "இன்னிக்கு சீயோன்"ன்னார்.

போட் ஆடின ஆட்டத்துல எனக்குத்தான் தலை சுத்துச்சு. அவங்க ஜன்னலோரமா உக்காந்து, மூத்தம்மா கொடுத்த துண்டுத் துணியை மடியில வச்சு நூல் உருவிக்கிட்டே வந்தாங்க. ரெண்டாவது வரிசையில பாவு ஒண்ணு அறுந்துடுச்சு. அறுந்தா எப்படிச் சேர்க்கிறதுன்னு கேட்காம வந்துட்டேனேன்னு ஒரே புலம்பல். ஃபோன் நம்பர் வாங்கலையான்னேன். அந்தம்மா ஃபோன்ல பேச மாட்டாங்களாம், காது சரியா கேட்காது. பையில இருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாங்க, லேஸ் சுத்திக் கொடுத்த காகிதத்தோட ஓரத்தைக் கிழிச்சு அந்தம்மா கைப்பட எழுதினது. பேரு, அதுக்குக் கீழ விண்ட்வர்ட்சைட், அதுக்குக் கீழ சேபா. கதவு நம்பர் இல்ல, தெரு இல்ல, பின்கோடு இல்ல.

"இதுக்குப் போய்ச் சேருமா?"ன்னு கேட்டேன்.

"அறுந்த நூலையும் உள்ள வச்சு அனுப்பறேன், பார்த்தா அவங்களுக்குப் புரியும்"னாங்க.